ஆழ்ந்த இரங்கல்

இங்க உக்காருங்க. அந்தப் பெஞ்சு ஒரு பக்கம் எறங்கிக் கெடக்குது, டீயக் கொட்டிப் போடுவீங்க. நீங்க எந்தக் கேஸுக்குங்க? பஸ் கம்பெனியா? செரி செரி. நானும் லேபர் கோர்ட்டுக்குத்தான் வந்தேன். ஆனா நான் கேஸு போட்டவனும் இல்லைங்க, எம்மேல கேஸும் இல்லைங்க. சாட்சி. சம்மன் வந்துருக்குது. பேரு சென்னியப்பன். திருப்பூருல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனில அயர்ன் செக்‌ஷன் சூப்பர்வைசரு. கம்பெனி பேரு மட்டும் கேட்டுப் போடாதீங்க. வெளிய சொல்ல மாட்டேன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கறேன்.

என்னைய ஒரே ஒரு கேள்வி கேப்பாங்களாமா. ஒரு மெசேஜக் காட்டி, "இது நீங்க அனுப்புனதா?"ன்னு. ஆமான்னு சொன்னா எம்பட வேலை போயிரும். இல்லைன்னு சொன்னா ரெண்டு பொம்பளைப்புள்ளைக வாயில மண்ணு. அவ்வளவுதானுங்க விசயம். இதுக்குத் திருப்பூருல இருந்து கோயமுத்தூருக்கு வரச்சொல்லி, காலைல இருந்து காக்க வெச்சிருக்கறாங்க.

இல்லைங்க, நீங்க டீ குடிங்க. நான் ரெண்டாச்சு.

எல்லாம் இந்தப் போனால வந்த வெனைங்க. எங்க கம்பெனில ஒரு கட்டிங் மாஸ்டரு பையன், துணி அடுக்குன மேசை மேல ஏறி நின்னு டான்ஸாடி வீடியோ போட்டுட்டான். அவன் ஆடுனா ஆடிட்டுப் போறான். பின்னால ஹேங்கர்ல தொங்குன டீசர்ட்டு, இன்னும் கடைக்கே வராத டிசைனு. சரக்கு வாங்கற பையருகாரன் வெளிநாட்டுல உக்காந்துட்டு அதப் பாத்துப் போட்டான். ஒரே ரகளை. ஆர்டரே போயிரும்போல ஆயிருச்சு. அதுக்கப்பறந்தான் மேனேஜரு ஒரு பேப்பர் அடிச்சாரு. கம்பெனி சம்பந்தமா, கம்பெனில நடக்கறது சம்பந்தமா, யாரும் போன்ல ஒண்ணும் போடக்கூடாது. போட்டோ, வீடியோ, ஸ்டேட்டஸு, எதும் கூடாது. வேலைய விட்டு நின்னதுக்கு அப்பறமும் கூடாது.

அந்தப் பேப்பருல கையெழுத்து வாங்குனது நாந்தானுங்க, எங்க செக்‌ஷனுக்கு. போனஸ் வாங்க வர்றப்ப எல்லாருகிட்டயும் நீட்டுனேன். எல்லாரும் போட்டாங்க. தவமணி மட்டும், "என்னண்ணா எழுதியிருக்குது, படிச்சுப் பாக்கறேன்"னா. படிச்சிட்டா மட்டும் போடாம இருந்துருவியா அம்மிணின்னு கேட்டேன். சிரிச்சுட்டே போட்டா. நல்ல புள்ளைங்க அது, வாய் மட்டும் கொஞ்சம் நீளம். தாராவரத்துப் பக்கம்.

அதோட விட்டாங்களா? சூப்பர்வைசருக எல்லாரும் அவங்கவங்க ஆளுக நம்பர சேவ் பண்ணி வெச்சுக்கோணும், தெனமும் ஸ்டேட்டஸப் பாக்கோணும். தப்பா எதும் இருந்தா போட்டோ புடிச்சு மேனேஜருக்கு அனுப்போணும். சிரிக்காதீங்க. எனக்கும் ஆரம்பத்துல சங்கடமாத்தான் இருந்துது. பொறவு பழகிப் போச்சு. சொல்லப்போனா நல்லாவே இருந்துதுங்க. யாரு வீட்டுல புள்ளைக்குக் காது குத்து, யாரு பழனிக்குப் போயிட்டு வந்தா, எவ புருசன்கூடச் சண்டை, எல்லாம் காலைல பல்லு வெளக்கறப்பவே தெரிஞ்சுரும். சில பேரு எனக்குன்னே போடுவாளுங்க. "முதுகில் குத்துபவன் நண்பனல்ல"ன்னு ஒரு ரோசாப்பூப் படம். நமக்குப் புரியாதா? ஆனா கம்பெனி பேரு இல்லையில்லைங்க, அதனால விட்டுருவேன். நான் அப்பிடியொண்ணும் மோசமான ஆளு இல்லை.

ஒச்சம்மா போன் வெச்சிருந்துது, ஆனா அதுக்கு ஸ்டேட்டஸெல்லாம் வராது. உசிலம்பட்டிப் பக்கத்துல இருந்து வந்தது. புருசன் இல்லை. ஒரே பொண்ணு, பூங்கொடி. அது மதுரைல ஹாஸ்டல்ல தங்கி நர்சுக்குப் படிச்சுட்டு இருந்துது. ஒச்சம்மாவுக்குப் பேச்சே அந்தப் புள்ளையப் பத்தித்தான். "ஏம் மக ஊசி போட்டா வலிக்கவே வலிக்காதாம்ணே"ன்னு சொல்லிட்டே தேய்க்கும். கை அவ்வளவு வேகம். காலர் மடிப்பு கத்தி மாதிரி நிக்கும்.

அன்னைக்கு ஷிப்மென்ட்டுங்க. லாரி கேட்டுல நிக்குது. ஒச்சம்மா வெச்சிருந்த அயர்ன்பாக்ஸு வயரு மேல்தோலு உரிஞ்சு போயிருந்துது. எலக்ட்ரீசியன் லீவு. ஆமா, எங்கிட்டச் சொல்லிச்சு, சொல்லலைன்னு நான் சொல்ல மாட்டேன். நான் டேப்பு சுத்திக் குடுத்தேன். நல்ல டேப்புதானுங்க அது. கீழ தரையில ஸ்டீம் தண்ணி சொட்டி ஈரமாக் கெடந்ததுக்கு நான் என்ன பண்ண முடியும்? எல்லா எடத்துலயும் அப்பிடித்தான் கெடக்கும்.

ஒரு சத்தங்கூட இல்லைங்க. அப்பிடியே விழுந்துருச்சு. நாந்தான் ஓடி மெயின் சுவிச்ச நிறுத்துனேன். நாந்தான் தலையத் தூக்கி மடியில வெச்சேன். கண்ணு தொறந்துதான் இருந்துது. தவமணி தண்ணி கொண்டாந்தா, வாயில ஊத்துனா வெளிய வருது. நூத்தியெட்டுக்குப் போன் போடுங்கன்னு புள்ளைக கத்துதுங்க. மேனேஜரு, "வேண்டாம், கம்பெனி வேன் வருது"ன்னாரு. வேன் சாயப்பட்டறைக்குப் போயிருந்துது. அது வர்றதுக்குள்ள முடிஞ்சு போச்சு. வேன்ல ஏத்துறப்பவே எனக்குத் தெரியும். கை தொங்குன தொங்குலயே தெரிஞ்சுருச்சு.

அப்பறம் எல்லாம் மடமடன்னு நடந்துதுங்க. தெரிஞ்ச ஆஸ்பத்திரி. மாரடைப்புன்னு எழுதி வாங்குனாங்க. சாயங்காலமே ஆம்புலன்ஸ் புடிச்சு ஊருக்கு அனுப்பி வெச்சுட்டாங்க. ஒறம்பரை, சொந்தக்காரங்க யாருக்கும் ஒண்ணும் வெளங்கல, மாலை மரியாதைக்குக் கம்பெனியே செலவு பண்ணுதேன்னு கும்பிட்டாங்க. மறுநாள் பாத்தா, அட்டென்டன்ஸுல ஒச்சம்மா செத்தன்னைக்கு லீவுன்னு போட்டிருக்குது. அது தங்கியிருந்த ரூம்ல இருக்கறப்பவே நெஞ்சு வலின்னு ஆயிப்போச்சு. மேனேஜரு எங்களையெல்லாம் கூப்புட்டு, "யாரும் இதைப் பத்தி வெளிய பேச வேண்டாம், கையெழுத்துப் போட்டிருக்கறீங்க, நெனப்பிருக்கட்டும்"னாரு. அவரு சத்தம் போட்டெல்லாம் சொல்லல. அவருக்கும் மேல மொதலாளி இருக்கறாரில்லைங்க.

அதுக்கு மக்காநாளு காலைல வழக்கம்போல ஸ்டேட்டஸப் பாக்கறேன். தவமணி போட்டிருக்கறா. ஒச்சம்மா போட்டோ. சுத்தியும் செவந்திப்பூ, ரெண்டு பக்கமும் குத்துவெளக்கு எரியற மாதிரிப் படம். "கண்ணீர் அஞ்சலி. எங்கள் அயர்ன் செக்‌ஷன் ஒச்சம்மா அக்கா பணியின்போது இயற்கை எய்தினார். என்றும் உங்கள் நினைவில்." போட்டோ நான் எடுத்ததுங்க, ஆயுத பூஜைக்கு. புதுச்சீலை கட்டிட்டு, பல்லு தெரியச் சிரிச்சுட்டு நிக்கும்.

நான் பாத்தது தவமணிக்குத் தெரியுமில்லைங்க? ஸ்டேட்டஸ யாரு பாத்தாங்கன்னு காட்டிக் குடுத்துருமே. ஒடனே எனக்கு மெசேஜ் அனுப்பறா. "அண்ணா, நீங்க எடுத்த போட்டோதான். நல்லா வந்திருக்குதா?"

இப்ப நீங்களே சொல்லுங்க. ஒரு எழவு. செத்தவளை எனக்கும் தெரியும். அஞ்சலின்னு ஒரு புள்ளை போட்டுட்டு நம்மகிட்டக் கேக்குது. ஒண்ணுஞ் சொல்லாம இருக்க முடியுமா? தெருவுல பொணம் போனாவே செருப்பக் கழட்டிட்டு நிக்கற ஆளுக நாம. கை தானா அடிச்சிருச்சுங்க. "ஆழ்ந்த இரங்கல் தவமணி. என் மடியிலயே உயிர் போயிருச்சு. தண்ணி கூட எறங்கல. ஆத்மா சாந்தி அடையட்டும்." அடிச்சு, கும்புடற கை ரெண்டு போட்டு அனுப்பிட்டேன்.

அனுப்பிட்டு, அந்த ஸ்டேட்டஸப் போட்டோ புடிச்சு மேனேஜருக்கும் அனுப்பிட்டேன்.

ஏனுங்க அப்பிடிப் பாக்கறீங்க? அது வேற, இது வேறங்க. இரங்கல் சொன்னது மனுசனா சொன்னது. மேனேஜருக்கு அனுப்புனது சூப்பர்வைசரா அனுப்புனது. நான் அனுப்பலைன்னா செக்கிங் செக்‌ஷன் சூப்பர்வைசரு அனுப்பியிருப்பான். அப்பறம் எனக்கு மெமோ வரும். அந்தப் புள்ளைக்கு எப்பிடியும் வர்றதுதான் வரப்போகுது.

வந்துது. கூப்புட்டு, அத அழிச்சுட்டு, தப்பான தகவலு போட்டுட்டேன்னு இன்னொரு ஸ்டேட்டஸ் போடச் சொன்னாங்க. போட்டா வேலைல இருக்கலாம்னாங்க. நானும் பக்கத்துல நின்னு கண்ணக் காட்டுனேன், போட்டுத் தொலை அம்மிணின்னு. அது என்ன சொல்லிச்சு தெரியுங்களா? "செத்த அன்னைக்கு அக்காவ லீவுல அனுப்பிட்டீங்க. இப்ப என்னையும் பொய் சொல்லச் சொல்றீங்களா சார்?" மேனேஜரு மொகம் சுண்டிப் போச்சு. ஒப்பந்தத்த மீறுனதுக்கும், கம்பெனியப் பத்திப் பொய் பரப்புனதுக்கும் டிஸ்மிஸ். அன்னைக்கே டிபன் பாக்ஸ எடுத்துட்டுக் கெளம்பிருச்சு. கேட்டுல என்னையப் பாத்து, "வர்றேண்ணா"ன்னு சொல்லிட்டுப் போச்சு. எங்கிட்ட அதுக்குக் கோவமில்லைன்னு அப்ப நெனச்சுக்கிட்டேன். நான் அனுப்புனது அதுக்குத் தெரியாது.

போனதுக்கு அப்பறம் வேற கம்பெனில வேலை தேடுச்சு. எங்கயும் எடுக்கல. எடுக்க மாட்டாங்க. மேனேஜருகளுக்குன்னு ஒரு வாட்ஸப் குரூப் இருக்குதுங்க. அதுல தவமணி போட்டோவப் போட்டு, "இவரைச் சேர்க்க வேண்டாம், பிரச்சினை செய்பவர்"னு எல்லாருக்கும் அனுப்பியாச்சு. அந்தப் போட்டோவும் ஆயுத பூஜை போட்டோதான். அவங்க போடலாம். அவங்க எதுலயும் கையெழுத்துப் போடலையில்லைங்க.

அது கடைசில கேஸு போட்டுருச்சு. சார்லஸ்னு ஒரு வக்கீலு. அவரு ஒச்சம்மா பொண்ணையும் தேடிப் புடிச்சுட்டாரு. அப்பத்தான் அந்தப் பூங்கொடிக்கே தெரியுது, ஆத்தா செத்தது ரூம்ல இல்லை, அயர்ன் மேசைக்குக் கீழன்னு. இப்ப ரெண்டு பேருத்துக்கும் ஒரே முடிச்சு. ஒச்சம்மா கம்பெனிக்குள்ளதான் செத்துதுன்னு ஆச்சுன்னா, தவமணி பொய் சொல்லலைன்னு ஆயிரும், பூங்கொடிக்கும் கெடைக்க வேண்டியது கெடைக்கும். அந்தப் புள்ளை படிப்பு நின்னு போயி, ஏதோ கிளினிக்ல நிக்குதாமா. ஆனா சாட்சி வேணுமில்லைங்க? வேலைல இருக்கற யாரும் வர மாட்டாங்க. எல்லாரும் கையெழுத்துப் போட்டவங்க.

அப்பத்தான் தவமணி அது போன எடுத்து வக்கீலுகிட்ட நீட்டிருச்சு. எம்பட இரங்கலு.

மேனேஜரு என்னையக் கூப்புட்டாரு. அந்த மெசேஜப் பெருசா பிரின்ட்டு எடுத்து மேசை மேல வெச்சிருந்தாரு. "என் மடியிலயே உயிர் போயிருச்சு"ங்கறதுக்குக் கீழ செவப்புக் கோடு. "கம்பெனில நடந்தத வெளிய சொல்லக்கூடாதுன்னு கையெழுத்து வாங்குன ஆளே நீதான். நீயே எழுதிக் குடுத்துட்டியே"ங்கறாரு. சார், அது இரங்கலுங்க சார், எழவு வீட்டுல யாருஞ் சொல்றதுதானுங்கன்னேன். "போன்ல போட்டா இரங்கலுமில்லை, ஒண்ணுமில்லை, எல்லாம் மீறல்தான்"னாரு.

சொல்றேன் கேளுங்க. இத்தனை வருசம் அந்தக் கம்பெனிக்கு ஒழைச்சிருக்கறேன். ஒரு செத்த பொம்பளைக்கு ரெண்டு வார்த்தை இரங்கலு சொன்னதுக்கு என்னைய நிக்க வெச்சுக் கேக்கறாங்க. மனுசனுக்கு அந்த உரிமைகூட இல்லையா? ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? இது எந்த ஊரு நியாயமுங்க? வீட்டுக்கு வந்து சரசாகிட்டச் சொல்லி அழுதேன். எம்பட சம்சாரம். அவ சோறு போட்டுட்டே, "தவமணியும் இதையேதானுங்க கேட்டுச்சு"ன்னா. இவளுக்கு என்ன தெரியும்? அது ஸ்டேட்டஸு, ஊரே பாக்கறது. நான் சொன்னது தனியா சொன்னது. ரெண்டும் ஒண்ணா?

அப்பறம் புதுசா ஒரு பேப்பரு. எனக்குன்னே அடிச்சது. இந்த விசயத்தப் பத்தி எங்கயும், எப்பவும், யாருகிட்டயும் பேச மாட்டேன்னு. நானும் படிக்கலைங்க, போட்டுட்டேன். கோர்ட்டுல கேட்டா, போன் எங்கிட்ட இல்லை, யாரோ எடுத்து அனுப்பியிருக்கறாங்கன்னு சொல்லச் சொல்லியிருக்கறாரு. கம்பெனி வக்கீலு வேற ரெண்டு தரம் சொல்லிக் குடுத்தாரு. "ஞாபகம் இல்லைன்னு சொல்லுங்க, அது பொய்யாகாது"ன்னாரு. சொன்னா இன்சார்ஜு ஆக்கறாங்களாமா. சொல்லலைன்னா அந்தக் குரூப்புல எம்பட போட்டோவும் வந்துரும். இந்த வயசுல யாருங்க எனக்கு வேலை குடுப்பாங்க? வாட்ச்மேன் வேலைக்குக்கூட இப்ப விசாரிச்சுட்டுத்தான் எடுக்கறாங்க.

சார்லஸ் வக்கீலு பஸ் ஸ்டாண்டுல என்னையப் புடிச்சாரு ஒரு நாளு. தங்கமான மனுசன்தான். "சென்னியப்பன், நீங்க கையெழுத்துப் போட்ட அந்தப் பேப்பரு கோர்ட்டுல நிக்காதுங்க. ஒரு சாவப் பத்தி உண்மையச் சொல்லக்கூடாதுன்னு எந்த ஒப்பந்தமும் ஒருத்தரைக் கட்டிப்போட முடியாது. சட்டத்துல அது வெறும் காயிதம். தைரியமா வாங்க"ன்னாரு. கோர்ட்டுல நிக்காதுங்க, நான் ஒத்துக்கறேன். ஆனா நான் காலைல போயி நிக்கறது கம்பெனி கேட்டுல. அங்க அது நிக்குதே! அத அவருகிட்டச் சொன்னேன்.

ஆனா உங்ககிட்ட மறைக்க என்ன இருக்குதுங்க, இன்னைக்கு நான் உண்மையச் சொல்லிப் போடலாம்னுதான் வந்தேன். நெசமாத்தானுங்க. பஸ்ஸுல வர்றப்பவே முடிவு பண்ணிட்டேன். ராத்திரியெல்லாம் அந்தம்மா கண்ணுதான். தொறந்தே இருந்துது பாருங்க. நாந்தான் மூடி வுட்டேன். அது எனக்கு மட்டுந்தான் தெரியும். போனாப் போகுது வேலை, கோயமுத்தூருல மச்சான் மளிகைக் கடை வெச்சிருக்கறான், பொட்டணம் கட்டிப் பொழைச்சுக்கலாம். உள்ள போறேன், "ஆமாங்கய்யா, நாந்தான் அனுப்புனேன், எம் மடியிலதான் உசுரு போச்சு"ன்னு சொல்றேன். அப்பிடியே சொல்லிப் பாத்துக்கிட்டேன். உங்ககிட்ட இத்தனையும் சொன்னதே ஒரு பயிற்சிக்குன்னு வெச்சுக்கங்களேன்.

பொறுங்க. கூப்புடறாங்க போல. டவாலி கொரலு. "சாட்சி சென்னியப்பன்." ஆமா, என்னையத்தான். மூணு தரம் கூப்புடுவாங்க, இது மொதத் தரந்தான். டம்ளரை அக்கட்ட வெச்சர்றேன். வேட்டி செரியா இருக்குதுங்களா பின்னால?

என்னம்மிணி? எங்களையா?

ஆரு?

இல்லையே அம்மிணி. நான் அவரில்லை. நான் பஸ் கம்பெனிக் கேஸுக்கு வந்தவன். இவருகூட வந்தேன். சென்னியப்பனா? தெரியலையே. வயசானவரா? இங்க எத்தனையோ பேரு வர்றாங்க போறாங்க. எதுக்கு அவரத் தேடறே?

...

ஓ. உங்கம்மாவா. செரி. அந்தப் பக்கம் ஜெராக்ஸ் கடைகிட்ட நாலஞ்சு பேரு நிக்கறாங்க பாரு, அங்க கேட்டுப் பாரு. வெயில்ல ஓடாத. மெதுவாப் போ.

அப்பனே முருகா.

பாத்தீங்களா அதுதானுங்க பூங்கொடி. நான் பாத்ததேயில்லை, ஒச்சம்மா போன்ல போட்டோ காட்டும், அவ்வளவுதான். அதே பல்லு. "எங்கம்மா சாகறப்ப கூட இருந்தவருங்க, அவரை ஒருக்காப் பாக்கணும், கூப்புடறாங்க, வரச்சொல்லுங்க"ங்குது. எனக்கு என்னன்னே தெரியலைங்க, இல்லைன்னு வந்துருச்சு வாயில. நெனச்சே சொல்லல.

ரெண்டாந் தரம். கேக்குது, எனக்குக் கேக்குது.

எப்பிடிங்க போறது இப்ப? உள்ள போனா அது அங்க நிக்குமில்ல? இப்பத்தானே இல்லைன்னு சொன்னான் இந்தாளுன்னு பாக்குமில்ல? அந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு நான் கூண்டுல ஏறி, எம் மடியிலதான் உசுரு போச்சுன்னு எப்பிடிச் சொல்லுவேன்? நம்புமா? சொல்லுங்க.

நான் கெளம்பறேனுங்க. திருப்பூரு வண்டி இப்ப ஒண்ணு இருக்குது. நீங்க அந்தப் புள்ளை திரும்பி வந்து கேட்டா, எதுஞ் சொல்லிப் போடாதீங்க. நான் உங்ககிட்டப் பேசுனதையும் யாருகிட்டயும் சொல்லக்கூடாது. சத்தியம் பண்ணுங்க. பரவால்ல, தலைய ஆட்டுனாப் போதும்.

மூணாந் தரமும் கூப்புட்டுட்டாங்க. கேட்டுதுங்களா?

நல்லாத்தானுங்க வந்தேன். எல்லாம் மனப்பாடமாச் சொல்லிட்டு வந்தேன். அந்தப் பொண்ணு மட்டும் வந்து கேக்காம இருந்திருந்தா இந்நேரம் உள்ள நின்னு உள்ளதச் சொல்லியிருப்பேன். அதுவே வந்து கெடுத்துக்கிருச்சுங்க.